மூன்றாம் அறையின் தரை

அந்தக் குளிர்க்கிடங்கின் மூன்றாம் அறையில் தரை மேலே எழும்புகிறது என்பதை முதலில் காட்டிக்கொடுத்தது கதவுதான். தண்டவாளத்தில் ஓடும் கனமான கதவு அது. ஒருநாள் பாதி வழியில் அடி தட்டி நின்றுவிட்டது. மெக்கானிக் வந்து கதவைக் கொஞ்சம் உயர்த்தி மாட்டிவிட்டுப் போனார். சில வாரங்களில் மறுபடியும் தட்டியது. மறுபடியும் உயர்த்தினார். மூன்றாவது தடவை வந்தவர் முட்டிபோட்டு உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கதவு இறங்கலைங்க, தரைதான் ஏறுது" என்றார்.

அந்தக் கிடங்கின் பராமரிப்புப் பொறுப்பு தம்பியிடம் இருந்தது. அவன் அன்றே அக்காவுக்குப் போன் செய்தான்.

அக்கா என்றே நாமும் அவளைச் சொல்லலாம். தம்பி கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அவள் வேலை பார்த்த மண் ஆய்வகத்திலும் பாதிப் பேர் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அம்மா போன பிறகு அவனுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியதிலிருந்து கல்யாணம் பண்ணிவைத்தது வரை எல்லாம் அவள்தான். தனக்கென்று ஒரு குடும்பம் அமைத்துக்கொள்ள அவளுக்கு நேரம் வாய்க்கவில்லை. வாய்க்கவில்லையே என்று அவள் குறைப்பட்டதுமில்லை.

அவளுடைய வேலை கொஞ்சம் விசித்திரமானது. மண் உறைந்தால் அதற்குள் எங்கே எவ்வளவு பனிக்கட்டி கட்டும், அது மேலே இருப்பதை எவ்வளவு தூக்கும், எத்தனை நாளில் தூக்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வது. மண்ணை மெல்லிய அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வொரு அடுக்குக்கும் எவ்வளவு சூடு போகிறது, எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று நாள் நாளாக ஓட்டிப் பார்ப்பாள். அதற்கு மாடல் என்று பெயர். ஆய்வகத்தில் அதை "ஐஸ் ஜோசியம்" என்று கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் ஜோசியம் பெரும்பாலும் பலிக்கும்.

மறுநாள் அவள் கிடங்குக்குப் போனாள். மூன்றாம் அறை பள்ளிக்கூட மைதானம் அளவுக்கு இருந்தது. உறைந்த மீனும் பட்டாணியும் அடுக்கிய இரும்பு ரேக்குகள் கூரை வரை நின்றன. மூச்சு விட்டால் மீசையில் வெள்ளை படியும் குளிர். அறையின் நடுவில் தரை யாரோ அடியிலிருந்து முதுகு கொடுத்துத் தூக்கியது போல மேடிட்டிருந்தது. பார்த்த மாத்திரத்தில் தெரியாது. சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஒன்று அதன்மேல் ஏறி இறங்கும்போது நன்றாகத் தெரிந்தது.

அந்த வண்டியை ஓட்டிவந்தவரை எல்லோரும் ராக்கெட் என்றார்கள். அங்கிருந்த ஓட்டுநர்களிலேயே மகா நிதானமான ஆள் என்பதால் வந்த பட்டம் அது. அக்காவைப் பார்த்ததும் அவர் வண்டியை நிறுத்தினார். "ஒரு மாசமா இந்த மேட்டுல ஏறும்போதெல்லாம் சாமி கும்பிட்டுக்கிட்டுதான் ஏறுறேன் மேடம். சீக்கிரம் சரி பண்ணிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு, நத்தை போல நகர்ந்து போனார்.

மேனேஜர் சூடான காபியோடு அவளை அலுவலக அறையில் உட்காரவைத்தார். ஃப்ரீசரில் வைத்த தண்ணீர் பாட்டில் வெடிக்கிற மாதிரிதானே இதுவும் என்று கேட்டார். அக்கா இல்லை என்றாள். மண்ணில் இருக்கும் தண்ணீர் உறைந்து பருத்தால் தரை துளிதான் உயரும். இங்கே நடப்பது வேறு. இந்த மண் மாவு போல நைஸான வண்டல். குளிர் இறங்கும் இடத்தை நோக்கி அது அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவது போல. வந்த தண்ணீரெல்லாம் அங்கே தகடு தகடாகப் பனிக்கட்டியாகும். தண்ணீர் வரும்வரை தகடு தடிக்கும். தடிக்கும்வரை மேலே இருப்பது கிடங்கோ கோட்டையோ, தூக்கிக்கொண்டுதான் போகும்.

அதைத் தடுப்பதற்குத்தான் இப்படிப்பட்ட அறைகளுக்குத் தரையடியில் குழாய் பதித்து, வெதுவெதுப்பான திரவத்தைச் சுற்றவிடுவார்கள். மேலே எவ்வளவு குளிர்ந்தாலும் அடிமண் உறையாது. அந்தக் குழாயில் திரவத்தைத் தள்ளும் பம்ப் பழுதாகிவிட்டது என்று தம்பி சொன்னான்.

"எப்ப நின்னுச்சு?" என்று அக்கா கேட்டாள்.

"மூணு மாசம் இருக்கும்க்கா" என்றான் தம்பி. மேனேஜரும் தலையாட்டினார்.

அவள் அதைக் குறித்துக்கொண்டாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் பம்ப்பின் மின்கணக்கைக் கேட்டிருப்பாள், பழுது பார்த்தவரைக் கூப்பிட்டு விசாரித்திருப்பாள். சொன்னது தம்பி. அவன் வாயிலிருந்து வந்தது அவளுக்கு விசாரிக்க வேண்டிய விஷயமாகவே படவில்லை.

மண்ணைக் குலைக்காமல் துண்டு துண்டாக எடுத்துப் பார்க்க வேண்டுமென்று அவள் ஆசைப்பட்டாள். அதற்கு நடுவிலிருக்கும் ரேக்குகளைக் காலி செய்ய வேண்டும். சரக்கு நெருக்கும் நேரம், வேறு இடமில்லை என்று மேனேஜர் கையை விரித்தார். கடைசியில் சுவரோரமாக ஒரே ஒரு துளை போட்டார்கள். துளைத்தவர்கள் தண்ணீர் பாய்ச்சித் துளைத்ததால் மேலே வந்தது வெறும் சேறு. அதில் பனிக்கட்டி இருந்ததா இல்லையா என்று அந்தச் சேற்றைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அந்தத் துளைக்குள் ஒரு கம்பியில் கோத்த வெப்பமானிகளை இறக்கிவிட்டு அக்கா திரும்பிவந்தாள்.

அடுத்த இரண்டு வாரங்கள் அவள் மாடலோடு மல்லுக்கட்டினாள். மூன்று மாதத்துக்கு முன்னால் சூடு நின்றது என்று வைத்து ஓட்டினால் தரை ஒரு விரல் அகலம்கூட எழும்பவில்லை. நிஜத்தில் அது ஒரு சாண் எழும்பியிருந்தது. எங்கேயோ இடிக்கிறது. அந்த மண் தண்ணீரை உறிஞ்சும் வேகம் என்று ஆய்வகத்தில் அளந்த ஓர் எண் இருந்தது. அதைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். பல மடங்கு கூட்டிய பிறகு மாடலில் தரை ஒரு சாண் எழும்பியது. அளந்தது கலங்கிய சேற்றை, நிஜ மண் வேறு மாதிரி இருக்கலாம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அப்படி இருப்பதற்கு வாய்ப்பும் இருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

இன்னொன்றும் இடித்தது. துளையின் அடியாழத்தில், ஓர் ஆள் உயரத்துக்கும் கீழே தொங்கிய கடைசி வெப்பமானி உறைநிலைக்குச் சற்றுக் குறைவாகக் காட்டியது. மூன்று மாதத்தில் குளிர் அவ்வளவு ஆழம் இறங்க முடியாது. அந்தக் கம்பி பழசு. முன்பொரு சாலை வேலையிலும் அதன் நுனி முரண்டு பிடித்திருந்தது. கெட்டுப்போன சென்சார் என்று முடிவு கட்டி, அந்த ஒரு வரிசையைக் கணக்கிலிருந்து நீக்கினாள். நீக்கியதும் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. அன்றைக்கு அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

அறிக்கையில் அவள் சொன்னது இதுதான்: உறைந்திருப்பது மேல்மண் மட்டும். புதுப் பம்ப் போட்டுக் குழாய்களை முழுச் சூட்டில் ஓட விடலாம். பனிக்கட்டி சீராக உருகித் தரை தானாக இறங்கும். ரேக்குகளைக் காலி செய்யத் தேவையில்லை.

புதுப் பம்ப் வந்தது. சூடு ஏறியது. பத்து நாளில் கதவு தட்டாமல் ஓடியது. மேனேஜர் போன் செய்து, ஜோசியம் பலித்துவிட்டது என்று வாயாரப் புகழ்ந்தார். தம்பியும் பேசினான். அவன் குரலில் ஏதோ பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. தான் அவனைக் காப்பாற்றிக்கொடுத்ததாக எண்ணி அக்காவுக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

அதற்கடுத்த வாரம், காலைத் தேநீர் முடிந்து ஆட்கள் உள்ளே போன நேரத்தில், மூன்றாம் அறையின் நடு ரேக் ஒரு பக்கமாகக் கால் புதைந்து சாய்ந்தது. அது பக்கத்து ரேக்கின் மேல் விழுந்தது. அது அதற்கடுத்ததின் மேல். வெளியில் இருந்தவர்கள் ஏதோ ரயில் தடம் புரண்டது போலச் சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு பேர் கதவுப் பக்கம் ஓடித் தப்பித்தார்கள். ராக்கெட் வண்டியில் உட்கார்ந்திருந்தார்.

அக்கா போய்ச் சேர்ந்தபோது இன்னும் அவரை வெளியே எடுக்கவில்லை. உறைந்த மீன் பெட்டிகள் மலையாகக் குவிந்திருந்தன. தீயணைப்புக்காரர்கள் ஒவ்வொன்றாகக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். தம்பி குளிர்ச்சட்டைகூட இல்லாமல் அவர்களோடு நின்று பெட்டி தூக்கிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்தான், பார்க்காதது போலக் குனிந்துகொண்டான். அவரை எடுத்தபோது மதியமாகிவிட்டது. உயிர் போய் வெகு நேரமாகியிருந்தது என்று மருத்துவர் சொன்னார்.

நான்கு நாள் கழித்து, விபத்தை விசாரிக்க வந்த அதிகாரி மூன்றாம் அறைத் தரையை உடைத்துக் குழி தோண்டச் சொன்னார். அக்காவும் கூட இருந்தாள். கான்கிரீட்டை எடுத்ததும் அடியில் கூழ். கையை விட்டால் முழங்கை வரை போயிற்று. அந்தக் கூழுக்குக் கீழே இரும்பு போல உறைந்த மண். இயந்திரம் கொத்தக் கொத்தப் பனிக்கட்டித் தகடுகள் வெளிப்பட்டன. சில தகடுகள் கண்ணாடி போலத் தெளிவாக, உள்ளங்கை அளவு தடிமனாக இருந்தன. கீழே போகப் போக அவற்றுக்கு முடிவே இல்லை. குழிக்குள் இறங்கியவரின் தலை தரைமட்டத்துக்குக் கீழே மறைந்த பிறகும் பனிக்கட்டி இருந்தது.

என்ன நடந்தது என்று புரிந்துகொள்ள அக்காவுக்குக் கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை. மேலிருந்து சூடு கொடுத்ததும் மேல் பனிக்கட்டி உருகியிருக்கிறது. உருகிய தண்ணீர் கீழே வடிந்து போக வழியில்லை. கீழே பாறை போல உறைந்து கிடக்கிறது. தரையும் அதன்மேல் நின்ற அத்தனை இரும்பும் சரக்கும் கூழின் மேல் மிதந்திருக்கின்றன. சூடு கொடுக்கச் சொன்னது அவள். ரேக்கைக் காலி செய்ய வேண்டாம் என்று எழுதியதும் அவள்.

ஆய்வகத்துக்குத் திரும்பி, தான் கூட்டிவைத்த எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு, முதலில் அளந்த எண்ணையே வைத்தாள். இந்தத் தகடுகள் கட்ட எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று பின்னோக்கி ஓட்டினாள். விடை இரண்டு வருஷத்துக்கும் மேலே போய் நின்றது. கடைசி வெப்பமானி காட்டிய குளிரும் அந்தக் கணக்கோடு அப்படியே ஒத்துப்போனது. சென்சார் நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

அவள் நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் மனைவி வேலைக்குப் போயிருந்தாள். சமையலறை மேஜையில் அவன் தனியாக உட்கார்ந்திருந்தான். எதிரே ஆறிப்போன தேநீர். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"குழியப் பாத்தேன்டா. பம்ப் எப்ப நின்னுச்சு?"

மேஜைத் துணியின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தவன், கடைசியில் வாயைத் திறந்தான்.

போன வருஷத்துக்கு முந்தைய வருஷ மழைக்காலத்திலேயே பம்ப் நின்றிருக்கிறது. புதுசு வேண்டுமென்று மேனேஜரிடம் கேட்டிருக்கிறான். பார்க்கலாம் பார்க்கலாம் என்று அவர் நாளைக் கடத்தியிருக்கிறார். பம்ப் நின்றால் அடிக்கும் அலாரம் ராப்பகலாக அடித்துக்கொண்டே இருந்தது. ஆட்கள் திட்டினார்கள். ஒரு வாரத்துக்குத்தானே என்று அதன் வயரைக் கழற்றிவிட்டான். சத்தம் நின்றதும் கேட்பதும் நின்றது. மேனேஜர் மறந்தார். இவனும் மறந்தான், அல்லது மறந்ததாக நினைத்துக்கொண்டான். தரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு வருஷம் ஒன்றும் ஆகாவிட்டால் இனி ஒன்றும் ஆகாது என்று தோன்றிவிடும் அல்லவா? கதவு தட்டியபோதுதான் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அலாரத்தைக் கழற்றியது தெரிந்தால் வேலை போகும், கேஸும் வரும். இப்போதுதான் பழுதானது என்று மேனேஜரிடம் சொன்னான். அவரும் தோண்டித் துருவவில்லை. தோண்டினால் தன் தலையும் உருளும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடா" என்றாள் அக்கா.

"நீ கண்டுபிடிச்சிருவேன்னு நெனச்சேன்க்கா." அவன் தலை நிமிரவில்லை. "கண்டுபிடிச்சு என்னைத் தனியா கூப்பிட்டுக் கேப்பேன்னு தெனமும் காத்துக்கிட்டிருந்தேன். நீ கேக்கல. ரிப்போர்ட் குடுத்துட்ட. சரி, மூணு மாசம்னாலும் ரெண்டு வருஷம்னாலும் வைத்தியம் ஒண்ணுதான் போலன்னு விட்டுட்டேன்."

அவனை நாலு அறை அறைய வேண்டும் என்ற ஆத்திரத்தோடுதான் படியேறி வந்திருந்தாள். இப்போது கை எழவில்லை. அவன் நினைத்தது தப்பில்லை. அவள் கண்டுபிடித்துத்தான் இருந்தாள். கண்டுபிடித்ததைக் கெட்டுப்போன சென்சார் என்று சொல்லி ஓரமாகத் தள்ளிவைத்திருந்தாள்.

மறுநாள் மேனேஜர் ஆய்வகத்துக்கே வந்தார். முகம் வாடியிருந்தது, ஆனால் பேச்சில் ஒரு தெளிவு இருந்தது. ராக்கெட்டின் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு ரேக்கின் கால் வளைந்து கிடப்பதாகவும், அவர் வேகமாக வந்து அதில் மோதியதால்தான் ரேக் சாய்ந்திருக்க வேண்டும் என்று கம்பெனியில் எல்லோரும் கருதுவதாகவும் சொன்னார். அக்கா அவரையே பார்த்தாள். அந்த மனிதர் வேகமாக வந்தார் என்று சொல்ல எப்படி நாக்கு வந்தது என்று அவளுக்குப் புரியவில்லை.

"நீங்க புதுசா எதுவும் சொல்ல வேண்டாம் மேடம். குழி, பனிக்கட்டி, அதெல்லாம் உங்களை மாதிரி ஒருத்தர் விளக்கினாத்தான் அவங்களுக்குப் புரியும். நீங்க விளக்காம இருந்தாப் போதும். உங்க பேரும் கெடாது, உங்க தம்பியும் தப்பிச்சுக்குவார்" என்றார் அவர், இறங்கிய குரலில்.

யோசித்துச் சொல்கிறேன் என்று அவள் சொன்னாள். யோசிக்கவும் செய்தாள், அதை மறைப்பதில் பயனில்லை. அன்று முழுக்க அவள் அந்த வழியைத்தான் சுற்றிச் சுற்றி வந்தாள். போனவர் போய்விட்டார். இருக்கிறவன் தம்பி.

சனிக்கிழமை ராக்கெட்டின் வீட்டுக்குப் போனாள். அடக்கத்தன்று கூட்டத்தில் பின்னால் நின்றுவிட்டு வந்திருந்தாள். அவர் மனைவியிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. இரண்டாம் மாடியில் ஒற்றை அறையும் சமையல்கட்டும் கொண்ட வீடு. அவர் மனைவி மருத்துவமனைச் சலவையறையில் வேலை பார்க்கிறவள். கைகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. அக்கா யாரென்று தெரிந்ததும் உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"அவரு வேகமா ஓட்டினாராம். அதனாலதான் விழுந்துச்சாம். கம்பெனியில இருந்து வந்து சொல்லிட்டுப் போனாங்க" என்று அவளே ஆரம்பித்தாள். "நீங்க படிச்சவங்க. நெஜமாவா?"

அக்கா தண்ணீர் டம்ளரைக் கையில் எடுத்தாள்.

"கல்யாணத்துக்கே லேட்டா வந்தவருங்க அவரு" என்றாள் அந்தப் பெண். "ஒரு டம்ளர எடுத்து வெக்கறதுன்னாலும் அது உடையாம நிக்குதான்னு பாத்துட்டுத்தான் கையெடுப்பாரு. அவரு வேகமா போனாருன்னா, ஏதோ அவசரம் இருந்திருக்கணும். அது என்னன்னு தெரிஞ்சாத் தேவல. அதையே நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன்."

அழாமல்தான் சொன்னாள். நடக்காத ஒன்றுக்குக் காரணம் தேடி அவள் தவித்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. அவர் வேகமாகப் போகவில்லை, தரைதான் உள்வாங்கியது, அதில் அவர் தப்பு ஒன்றுமில்லை என்று சொன்னாள். யார் தப்பு என்று அந்தப் பெண் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்காததால் சொல்லாமலே படியிறங்கினாள்.

அங்கிருந்து தம்பி வீட்டுக்குப் போய், திங்கட்கிழமை விசாரணை அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொல்லப் போவதாகச் சொன்னாள். என் தப்பையும் சேர்த்துத்தான் சொல்லப் போகிறேன், நீயும் கூட வா, நாமாகப் போய்ச் சொன்னால் கொஞ்சமாவது மரியாதை இருக்கும் என்று கெஞ்சினாள். தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் மனைவிதான் பேசினாள்.

"செத்தவரு திரும்பி வரப்போறாரா அண்ணி?"

"வரமாட்டார்."

"அப்புறம் எதுக்கு? வளத்த கையாலேயே அவர ஜெயிலுக்கு அனுப்பணுமா?"

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வழக்கமாகத் தெருமுனை வரை வந்து வழியனுப்பும் தம்பி அன்று எழுந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை விசாரணை அதிகாரியின் அறையில் அவள் உட்கார்ந்ததும், அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "உங்க தம்பி காலையிலேயே வந்து சொல்லிட்டுப் போயிட்டார்" என்றார்.

ஒரு கணம் அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. பிள்ளை கடைசியில் வந்துவிட்டான் என்று கண்ணே கலங்கிவிட்டது. அதிகாரி தொடர்ந்தார். பம்ப் நின்று இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது என்றும், அலாரத்தைத் தான்தான் கழற்றியதாகவும் அவன் ஒப்புக்கொண்டிருந்தான். ஆனால் அதை முதல் நாளே அக்காவிடம் தனியாகச் சொல்லிவிட்டதாகவும், அதனால் ஒன்றும் வித்தியாசம் இல்லை, மூன்று மாதம் என்றே இருக்கட்டும் என்று அக்காதான் சொன்னாள் என்றும் கூறியிருந்தான்.

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். "சொன்னாரா?"

"இல்லைங்க. என்கிட்ட சொல்லல."

"அவர் சொன்னேங்கறார்."

"சொல்லல" என்றாள் அவள் மறுபடியும். "ஆனா அவன் சொல்லாமலே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

பிறகு கடைசி வெப்பமானியைப் பற்றிச் சொன்னாள். அதைக் கணக்கிலிருந்து நீக்கியதைச் சொன்னாள். அளந்த எண்ணைப் பல மடங்கு கூட்டியதைச் சொன்னாள். பனிக்கட்டி எப்படிக் கட்டியது, சூடு கொடுத்ததும் தரை ஏன் உள்வாங்கியது என்று தாளில் படம் போட்டு விளக்கினாள். அதிகாரி குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்த பிறகு, அந்த வெப்பமானி விஷயத்தை அவளாகச் சொல்லியிருக்காவிட்டால் தங்களுக்குத் தெரிந்திருக்கவே வழியில்லை என்றார். அவர் அதைப் பாராட்டாகச் சொன்னாரா, பரிதாபப்பட்டுச் சொன்னாரா என்று தெரியவில்லை. அவளுக்கு இரண்டும் வேண்டியிருக்கவில்லை.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டாள். தம்பி மேல் கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. பயந்துபோய்ச் செய்திருக்கிறான் என்று தோன்றியது. சின்ன வயதில் ஏதாவது உடைந்தால் "அக்காதான் தள்ளிவிட்டா" என்று அம்மாவிடம் சொல்வான். அவள் வாயை மூடிக்கொண்டு அடி வாங்கிக்கொள்வாள். இந்த முறை அவளால் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

முடிவு வர ஏழெட்டு மாதம் ஆயிற்று. அக்காவிடம் தம்பி சொன்னானா இல்லையா என்பதைத் தீர்மானிக்க முடியவில்லை என்று அதிகாரி எழுதினார். அவளை நம்பியவர்களும் இருந்தார்கள், நம்பாதவர்களும் இருந்தார்கள். ஆய்வகத்தில் சாப்பாட்டு மேஜையில் அவள் வந்து உட்கார்ந்தால் பேச்சு மாறியது. ஐஸ் ஜோசியம் என்று கேலி செய்ய யாரும் துணியவில்லை. இனி அவள் எந்த அறிக்கையிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்று உத்தரவு வந்தது. வேலையிலிருந்து அனுப்பவில்லை, மண் மாதிரிகளைச் சலித்துக் காயவைத்துப் பெயர் ஒட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். தம்பிக்கு ஆறு மாதச் சிறை. மேனேஜரை அதே கம்பெனி வேறொரு கிடங்குக்கு மாற்றியது. மூன்றாம் அறையைக் காலி செய்து பூட்டினார்கள். அடிமண் முழுக்க உருகி வடிய இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும் என்று யாரோ கணக்குப் போட்டுச் சொன்னார்களாம். யார் போட்ட கணக்கு என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

ஓட்டுநர் மீது எந்தத் தவறும் இல்லை என்று முடிவில் ஒரு வரி இருந்தது. அதை ராக்கெட்டின் மனைவிக்குப் போன் செய்து படித்துக் காட்டினாள். இந்த முறை, தப்பு தன்னுடையதும் தம்பியுடையதும் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். மறுமுனையில் சலவை இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. "சரி" என்றாள் அந்தப் பெண். போனை வைத்துவிட்டாள். பிறகு ஒருபோதும் பேசவில்லை.

தம்பி சிறையில் இருந்தபோது அக்கா இரண்டு முறை பார்க்கப் போனாள். இரண்டு முறையும் அவன் வெளியே வர மறுத்துவிட்டான். விடுதலையான தேதிகூட அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஒருநாள் மருந்துக்கடையில் அவன் மனைவி எதிரே வந்தாள். பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்து போனாள். வாசல் வரை போனவள் என்ன நினைத்தாளோ, திரும்பி வந்தாள்.

"வந்து ஒரு மாசமாச்சு அண்ணி. சரியா சாப்பிடறதில்ல. ரூமை விட்டு வர்றதில்ல" என்றாள். அக்காவைப் பார்க்காமல் அலமாரியில் இருந்த இருமல் மருந்தைப் பார்த்துச் சொன்னாள். "வாங்கன்னும் என்னால சொல்ல முடியல. வராதீங்கன்னும் சொல்ல முடியல."

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா போனாள். அவன் மனைவி கதவைத் திறந்து, ஒன்றும் சொல்லாமல் தேநீர் போட உள்ளே போனாள். அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. அக்காவின் குரல் கேட்டதும் அதன் சத்தம் கூடியது. அவள் சமையலறை மேஜையில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். சிறை வாசலில் நின்றதையோ அதிகாரியிடம் அவன் சொன்னதையோ பற்றிப் பேச்செடுக்கவில்லை. வாங்கிவந்த பழங்களை மேஜையில் வைத்துவிட்டு, "வரேன்டா" என்று சாத்திய கதவைப் பார்த்துச் சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போனாள். போன வாரம் வைத்த பழங்களில் இரண்டு குறைந்திருந்தன. அவன் தின்றானா, அவன் மனைவி தின்றாளா என்று அவள் கேட்கவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, படியிறங்கி வந்தாள்.